ஒரே மேசைக்கு வரவேண்டிய மூன்று கட்டுகள்: பட்டாசு ஆலை உரிமதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் பட்டாசு ஆலை நடத்தும் உரிமதாரர்கள் அனைவருக்கும்,

வெடி விபத்து நடந்த அன்று என்னென்ன நடக்கும் என்பது உங்களுக்கு மனப்பாடம். தீயணைப்பு வண்டி வரும், 108 வரும், சிவகாசி அரசு மருத்துவமனை தீக்காயப் பிரிவின் வாசலில் ஒரு கிராமமே வந்து உட்கார்ந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலர் ஒரு புகார் எழுதிக் கொடுப்பார். அதன்பேரில் போலீஸ் வழக்குப் பதியும். போர்மேன் கைதாவார், மேனேஜர் கைதாவார், உரிமதாரரைத் தேடுவதாகச் செய்தி வரும். அரசின் நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். உரிமம் தற்காலிகமாக ரத்தாகும். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பக்கத்து ஆலைகள் அடுத்த ஆர்டரை முடிக்கும் அவசரத்துக்குத் திரும்பியிருக்கும்.

அந்த வழக்கு அதன்பிறகு எங்கே போகிறது, எங்கே போகாமல் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியது இந்த மடல்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஓர் ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உரிமம் ஒருவர் பேரில் இருக்க, ஆலையின் அறைகள் வேறு பலருக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தது அந்த விசாரணையில் பதிவானது. இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் ஓர் ஆலையின் அறைகள் ஒவ்வொன்றாகக் கைமாறுவது ஒளித்து வைக்கக்கூடிய சங்கதியா? ஆய்வுக்கு வந்தவர்கள் யார்? பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பினார்களா? திரும்பியிருந்தால் சும்மா திரும்பினார்களா? இந்தக் கேள்விகளைக் குற்ற வழக்காக விசாரிக்கப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அந்த அமைப்பு இழப்பீடு வாங்கித் தரலாம், குழு அமைக்கலாம், விதி வகுக்கச் சொல்லலாம். அதோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது.

உண்மையில் ஒரு வெடி விபத்துக்கு மூன்று கேஸ் கட்டுகள் உண்டு. முதல் கட்டு சாவைப் பற்றியது. அது உள்ளூர்க் காவல் நிலையத்தில் பிறந்து, மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றம் வரை போகும். இரண்டாவது, உரிமத்தைப் பற்றியது. அது ஆட்சியர் அலுவலகத்தில் கொஞ்சம், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் கொஞ்சம், பெசோ என்று நாம் சொல்லும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். மூன்றாவது, பணத்தைப் பற்றியது. அது கட்டாக உருவாவதே அபூர்வம். உருவானால், லஞ்ச ஒழிப்புத் துறையோ சிபிஐயோ எடுத்துக்கொண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி அமர்த்தப்பட்ட சிறப்பு நீதிபதியிடம் போகும். இந்த மூன்றையும் ஒரே மேசையில் பிரித்து வைத்துப் படிப்பதற்கென்று அமைந்த நீதிமன்றம் பட்டாசு விளையும் இந்த மண்ணில் இல்லை.

அப்படி ஒரு சிறப்பு நீதிமன்றம் வேண்டும். அதற்குத் துணையாக, ஆலையையும் ஆய்வுக்கு வரும் அதிகாரியையும் ஒருசேரக் கண்காணிக்கும் தனி அமைப்பு வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடல் அரசுக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நோக்கம் இதற்கு இல்லை. உள்குத்தகைக்கு விடாமல், நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் நான்கு பேரை மட்டுமே வைத்து, மருந்து அளவை மீறாமல், வெயில் ஏறுவதற்கு முன் கலவை வேலையை முடித்துவிடும் ஆலைகள் இங்கே இருக்கின்றன. அவர்களுடைய அடக்க விலை கூடுகிறது. விதியை மீறிய ஆலை குறைந்த விலைக்குச் சரக்கு தருகிறது, வட இந்திய வியாபாரி அங்கே போகிறார். லஞ்சம் கொடுத்து விதியை வளைப்பவர் அரசை மட்டும் ஏமாற்றவில்லை. முறையாகத் தொழில் செய்யும் பக்கத்து அண்ணாச்சியின் பிழைப்பிலும் மண்ணைப் போடுகிறார். நேர்மையான உரிமதாரருக்கு இன்று கேட்பார் இல்லை. சிறப்பு நீதிமன்றம் என்பது அவருக்கான பாதுகாப்பும்கூட.

உரிமம் வாங்கும் வழியை எடுத்துக்கொள்வோம். டிஆர்ஓ லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று படிகளில் நீங்கள் பேசுவீர்கள். மருந்தின் அளவு கூடக் கூட அனுமதி தரும் இடம் மாவட்டத்திலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து பெசோவின் தலைமையகமான நாக்பூருக்கும் தள்ளிப்போகிறது. எங்கே போனாலும் ஆட்சியரின் தடையின்மைச் சான்று வேண்டும். வருவாய்த் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை, தொழிலகப் பாதுகாப்பு என்று அத்தனை மேசைகளும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மேசையும் ஒரு பாதுகாப்பு என்றுதான் சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். நடைமுறையில் ஒவ்வொரு மேசையும் கோப்பு நிற்கக்கூடிய இடம். கோப்பு நிற்கும் இடத்தில்தான் கை நீளும்.

இதில் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவரை நீதிமன்றத்தில் விசாரிக்க மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும். தடையின்மைச் சான்று கொடுப்பதும் அதே அலுவலகம். சிறிய ஆலைகளுக்கு உரிமம் தருவதும் அதே அலுவலகத்தின் கீழ்தான். விபத்துக்குப் பிறகு நிவாரணக் காசோலை கொண்டுபோவதும் அங்கிருந்துதான். எந்த ஆட்சியரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல ஆட்சியர்கள் ராத்திரி பகல் பாராமல் ஆலைகளில் சோதனை போட்டவர்கள். ஆனால் சான்று கொடுத்த கையே வழக்குக்கும் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்றால், சான்று தவறாகக் கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி எந்த வாசலில் போய் நிற்கும்?

தண்டனையின் அளவையும் பாருங்கள். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவு, விதியை மீறி வெடிபொருள் தயாரித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஐயாயிரம் ரூபாய் இன்று நடுத்தரக் குடும்பம் ஒன்று தீபாவளிக்கு வாங்கும் வெடிக்கே சரியாகப் போய்விடும்.

முதலிப்பட்டியை மறக்க முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த அந்த விபத்தில் 38 பேர் இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றவும் என்னவென்று பார்க்கவும் ஓடியவர்கள் அடுத்த வெடிப்பில் சிக்கியதால்தான் எண்ணிக்கை அவ்வளவு ஏறியது. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை அது. நிறுத்திவைத்த காகிதம் ஓரிடத்தில் இருந்தது, ஆலை ஓடிக்கொண்டிருந்தது வேறிடத்தில். காகிதத்துக்கும் ஆலைக் கதவுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை யார் கடந்திருக்க வேண்டும், ஏன் கடக்கவில்லை என்று கேட்பதற்கு ஆளில்லாமல் போனதால்தான் 2023 அக்டோபர் 17 வந்தது. ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் இரண்டு விபத்துகள். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை பக்கம், மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் மாறுகின்றன.

இனி மூன்றாவது கட்டு. லஞ்ச ஒழிப்புத் துறையின் பொறி எப்படி வைக்கப்படும் என்று நீதிமன்றத்துக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். புகார் கொடுத்தவர் கொண்டுவந்த ரூபாய் நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாக எழுதி, பினாப்தலீன் பொடி தடவி, வேறு துறையைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வைத்து மகஜர் போடுவார்கள். பணம் கைமாறியதும் வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொல்வார்கள். கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அதைச் சீசாவில் ஊற்றி, முத்திரை வைத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டுவார்கள். அந்தச் சீசா ஒரு மேசையில் ஒரு நாளில் நடந்த ஒரு கைமாற்றத்தைத் துல்லியமாகச் சொல்லும். அந்தப் பணத்துக்குப் பதிலாக எந்த ஆலையில் எத்தனை அறைகளில் எவ்வளவு மருந்து அளவுக்கு மீறி வைக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. அந்த ஆலை ஓராண்டு கழித்து வெடித்தால், சீசா இருக்கும் நீதிமன்றத்துக்கும் பிணக்கூறாய்வு அறிக்கை இருக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே பேச்சுவார்த்தையே இருக்காது.

பெசோவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல. 2024 ஜனவரியில் அதன் நாக்பூர் தலைமையகத்தில் துணை முதன்மைக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இருவரை லஞ்சக் குற்றச்சாட்டில் சிபிஐ கைது செய்தது. சோதனையில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டதாகவும் அறிவித்தது. அது வடக்கே ஒரு வெடிமருந்து நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கு, சிவகாசிக்குத் தொடர்பில்லை. ஆனால் உங்கள் கோப்பும் ஏறி இறங்கும் அதே கட்டடம் அது.

சிபிஐ சிவகாசிக்கும் வந்ததுண்டு. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை போட்டது. தடையை மீறுகிறார்கள் என்ற புகாரின்பேரில் 2020 மார்ச்சில் சிபிஐ விசாரிக்கட்டும் என்றது. தடை செய்த வேதிப்பொருள் பயன்பட்டிருக்கிறது என்று சில ஆலைகளைப் பற்றி அறிக்கை போனது. டெல்லிக் காற்று கெட்டதற்காக நாட்டின் உச்ச விசாரணை அமைப்பு சிவகாசி குடோன்களைத் திறந்து பார்த்தது, தேவைதான். சிவகாசித் தொழிலாளி சாகும்போது அதே வேகம் ஏன் வருவதில்லை என்று கேட்கும் உரிமை இந்த மாவட்டத்துக்கு உண்டு.

கொடுக்கிறவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்களில் பலர் இன்னும் கவனிக்கவில்லை. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றமாயிற்று. வற்புறுத்தலின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம். முன்கூட்டியே துறையிடம் சொல்லிவிட்டுப் பொறிக்காகக் கொடுத்தால் அது குற்றமே ஆகாது. எட்டாம் நாள், நீங்களும் குற்றவாளி. புகார் கொடுத்தபின் மனம் மாறினாலும், சாட்சி பிறழ்ந்தாலும், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே, காலம் காலமாகக் கொடுத்துத்தானே வருகிறோம் என்ற பேச்சு இனி உங்களைக் காப்பாற்றாது.

சிறப்பு நீதிமன்றம் என்று பலகை மாட்டினால் போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.

இந்த மாவட்டத்தைச் சேர்ந்த கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு ஆகியோர் மீது, 2006 முதல் 2011 வரை அமைச்சர்களாக இருந்த காலத்தில் வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்தார்கள் என்று லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. அவர்களுடைய கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், அதே துறை மேல்விசாரணை நடத்தி, குற்றம் நடந்ததற்கான ஆதாரம் இல்லை என்ற நிலைக்கு வந்தது. தென்னரசு 2022 டிசம்பரிலும் ராமச்சந்திரன் 2023 ஜூலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் சிறப்பு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தானாக முன்வந்து அந்த உத்தரவுகளை ஆய்வுக்கு எடுத்து, 2024 ஆகஸ்ட் 7 அன்று ரத்து செய்தார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இருவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அவர்கள் நிரபராதிகள் என்றே சட்டம் கருதுகிறது. இங்கே பேச்சு அவர்களைப் பற்றியதும் அல்ல, அவர்களுடைய கட்சியைப் பற்றியதும் அல்ல. எதிர்த்தரப்பு ஆட்சியில் அமைச்சராக இருந்த சிவகாசிக்காரர் கே.டி. ராஜேந்திர பாலாஜி, ஆவினில் வேலை வாங்கித் தருவதாகப் பண மோசடி செய்தார் என்ற வழக்கில் 2022 ஜனவரியில் கர்நாடகத்தில் கைதானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், விசாரணை இழுபடுகிறது என்று உயர் நீதிமன்றம் அந்த வழக்கை சிபிஐக்கு மாற்றச் சொன்னது. அதுவும் உச்ச நீதிமன்றப் படியேறியது.

பேச்சு அமைப்பைப் பற்றியது. லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து மாநில அரசின் கீழ்தான் இயங்குகிறது. அரசு மாறினால் அதன் கருத்தும் மாறலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே போதும், நீதிமன்றத்துக்கு எவ்வளவு சிறப்புப் பெயர் வைத்தாலும் அதன் மேசைக்கு வரும் கட்டு மெலிந்துபோகும். ஹாங்காங்கில் 1974இல் ஊழல் தடுப்பு ஆணையம் அமைத்தபோது இந்த ஓட்டையை யோசித்திருக்கிறார்கள். அங்கே விசாரணை அமைப்பு தன் இஷ்டத்துக்கு ஒரு வழக்கை மூடிவிட முடியாது. பொதுமக்களில் இருந்து நியமிக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக உள்ள குழு ஒன்று, மூடப்போகும் கோப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறது. நமக்கு லோக் ஆயுக்தா இருக்கிறது. 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஓராண்டுக்குள் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2018 ஜூலையில்தான் சட்டம் இயற்றியது, 2019இல்தான் உறுப்பினர்களை அமர்த்தியது. ஒரு பட்டாசுத் தொழிலாளியின் மனைவி லோக் ஆயுக்தாவுக்கு மனு எழுதினார் என்று இந்தப் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லை. சென்னையில் இருக்கும் அமைப்பு சின்னக்காமன்பட்டிக்குத் தெரிவதில்லை.

நாட்டிலேயே பெரிதாகப் பேசப்பட்ட சிறப்பு நீதிமன்றக் கதையும் தமிழ்நாட்டுடையதுதான். ஜெயலலிதா மீதும் அவருடைய முன்னாள் அமைச்சர்கள் மீதுமான வழக்குகளுக்காக 1997இல் சென்னையில் சிறப்பு நீதிமன்றங்கள் அமைந்தன. 1999இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்றது. அவர் மறுபடி முதல்வரானதும் சாட்சிகள் மாறத் தொடங்கினார்கள். 2003 நவம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பர் 27 அன்று. வழக்குப் பதிந்தது 1996, பதினெட்டு ஆண்டுகள். பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் தண்டனை. அதற்குள், முதலாவதாகக் குற்றம்சாட்டப்பட்டிருந்த ஜெயலலிதா இறந்திருந்தார். இந்தக் கதையைச் சொல்லி, சிறப்பு நீதிமன்றமே வீண் என்பவர்கள் உண்டு. அது சரியான முடிவு அல்ல. தனி நீதிபதி, தனி அரசு வழக்குரைஞர், ஆளுங்கட்சியின் கைக்கு எட்டாத தூரம் ஆகிய மூன்றும் கூடியபோதுதான் அந்த வழக்கு முடிந்தது. ஒன்று குறைந்திருந்தாலும் முடிந்திருக்காது.

இத்தாலியின் பலெர்மோ நகரத்து வழக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். சிசிலித் தீவில் மாஃபியாக் கொலைகளை ஆண்டாண்டு காலமாகத் தனித்தனிக் கொலையாகவே விசாரித்து வந்தார்கள். சாட்சி கிடைக்காமல் ஒவ்வொன்றும் உதிர்ந்துபோகும். 1980களில் ஜொவான்னி ஃபல்கோனே, பாவ்லோ போர்செல்லினோ உள்ளிட்ட விசாரணை நீதிபதிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, எல்லாக் கட்டுகளையும் எல்லாரும் படிப்பது என்று முடிவு செய்தார்கள். கொலைக் கட்டையும் வங்கிக் காசோலைக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பணம் போன தடத்தைப் பிடித்துப்போனால் கொலை செய்யச் சொன்னவர் வரை போகலாம் என்று தெரிந்தது. சிறைச்சாலையை ஒட்டி, குண்டு துளைக்காத தனி நீதிமன்ற மண்டபமே கட்டி, 1986 பிப்ரவரியில் நானூற்று எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே வழக்கில் நிறுத்தினார்கள். 1987 டிசம்பரில் 338 பேருக்குத் தண்டனை. 1992இல் இறுதி மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதே ஆண்டு மே மாதம் நெடுஞ்சாலைக்கு அடியில் வெடிமருந்து வைத்து ஃபல்கோனேயைக் கொன்றார்கள், ஜூலையில் போர்செல்லினோவை. பட்டாசு ஆலை மாஃபியா அல்ல, அப்படிச் சொல்வது அநியாயம். பலெர்மோவில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டுகளைச் சேர்த்துப் படித்த அந்த முறையை மட்டுமே.

அதற்கு இந்தியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு வட்டாரத்துக்கோ ஒரு தொகுதி வழக்குகளுக்கோ சிறப்பு நீதிபதியை அமர்த்த அரசுக்கு அதிகாரம் தருகிறது. 4ஆம் பிரிவு, அதே விசாரணையில் சேர்க்கக்கூடிய பிற குற்றங்களையும் அந்த நீதிபதியே விசாரிக்கலாம் என்கிறது. இரண்டு ஆண்டுகளில் முடிக்க முயல வேண்டும், எவ்வளவு நீட்டித்தாலும் மொத்தம் நான்கு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று 2018 திருத்தம் சொல்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணையும், முழுநேர நீதிபதியும், இந்த வழக்குகளுக்கு மட்டும் என்று ஓர் அரசு வழக்குரைஞரும், போலீஸ், லஞ்ச ஒழிப்பு, வெடிபொருள் வல்லுநர் மூவரும் சேர்ந்த ஒரு விசாரணைக் குழுவும் போதும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கடுமையான சட்டம் எப்போதும் கீழே இருப்பவர் தலையில்தான் முதலில் விழும். வீட்டுத் திண்ணையில் கருந்திரி உருட்டும் பெண்ணைப் பிடித்து வழக்குப் போடுவது எளிது. அந்தத் திரியை வாங்கி எந்த ஆலை பயன்படுத்துகிறது, மருந்து எங்கிருந்து அவர் வீட்டுக்கு வந்தது என்று மேலே ஏறிப் போவது கடினம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரானது. அந்தப் பிரிவைத் திரி உருட்டுகிறவர் மீது போட்டால் அது அக்கிரமம். உரிமத்தைக் காட்டி அறைகளை விற்று, விபத்துக்குப் பிறகு போர்மேனைக் கைகாட்டிவிட்டு அடுத்த ஆலைக்கு மாறிக்கொள்ளும் பணக்காரத் தரகரை நோக்கித்தான் அது திரும்ப வேண்டும். இந்தத் தரகர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். போலீசைவிட நன்றாகவே தெரியும்.

வெளியிலிருந்து வரும் கண்காணிப்பு தொழிலை அழித்துவிடும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். இந்த மாவட்டம் அதை ஒருமுறை கடந்து வந்திருக்கிறது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து எம்.சி. மேத்தா போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் ஆலைக்காரர் நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் போனார்கள். தொழில் அழிந்துவிடவில்லை, வளர்ந்தது. இன்று உங்கள் பட்டாசுப் பெட்டியில் குழந்தைத் தொழிலாளர் இல்லை என்று நீங்களே அச்சிட்டுப் பெருமைப்படுகிறீர்கள்.

இந்த ஊர்களுக்குப் பொதுக் காரியம் புதிதும் அல்ல. விற்கும் சரக்கில் மகமை எடுத்துப் பொது நிதி சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர்கள் இவை. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான். அரசு செய்யட்டும் என்று காத்திருந்த வரலாறு உங்களுடையது அல்ல. 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து ஒரு வானம் பார்த்த பூமியைத் தொழில் நகரமாக்கியவர்களின் வாரிசுகள் நீங்கள்.

கண்காணிப்பு அமைப்பைப் பற்றி இறுதியாக ஒன்று. அது ஆட்சியர் அலுவலகத்தின் இன்னொரு குழுவாக இருந்துவிடக் கூடாது. உயர் நீதிமன்றம் அமர்த்தும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வேதியியல் தெரிந்த ஒருவர், தொழிலாளர் பிரதிநிதி, விபத்தில் உறவைப் பறிகொடுத்த குடும்பத்தில் இருந்து ஒருவர் என்று அமையட்டும். ஒவ்வோர் ஆய்வின் அறிக்கையும், ஆய்வு செய்த அதிகாரியின் பெயரோடு, ஆலை வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலே வெளியிடச் சொல்லும் தகவல்களில் இதுவும் சேரட்டும். அப்படிப்பட்ட அமைப்பை அரசு பிடிக்காமல் முடக்க நினைத்தால் என்ன செய்வது? உக்ரைனில் 2025 ஜூலை 22 அன்று ஊழல் விசாரணை அமைப்பின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் கையெழுத்தானது. ஏவுகணை விழுந்துகொண்டிருக்கும் நாட்டில் இளைஞர்கள் அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். ஒன்பது நாளில் நாடாளுமன்றமே அந்தச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

டான்பாமா உள்ளிட்ட உங்கள் சங்கங்கள், சிறு உற்பத்தியாளர் சங்கங்கள், அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவரட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டாசு விபத்து, உரிம மோசடி, லஞ்சம் மூன்றையும் சேர்த்து விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் அமைக்கத் தமிழ்நாடு அரசையும் உயர் நீதிமன்றத்தையும் கேட்பது ஒன்று. உள்குத்தகைக்கு அறை விடும் உறுப்பினரைச் சங்கத்தில் இருந்து நீக்கி, அவர் பெயரை வெளியிடுவது இன்னொன்று. லஞ்சம் கேட்கப்பட்ட உறுப்பினர் ஏழு நாட்களுக்குள் புகார் கொடுக்கச் சங்கமே வழக்குரைஞரை அமர்த்தித் தருவது மூன்றாவது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் அவசரம் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். தீர்மானத்தில் முதல் கையெழுத்து, இதுவரை ஒரு விபத்தும் நடக்காத ஆலையின் உரிமதாரருடையதாக இருக்கட்டும்.